மூலம் எங்கே

ஜூன் 12, திங்கள்

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரைக் கழற்றினேன். கப்பாசிட்டர் போயிருந்தது, மாற்றினேன். சின்ன வேலை. நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். வலி என்று சொல்ல முடியாது. ஈரத்துணியை மடித்து உள்ளே வைத்த மாதிரி இருக்கிறது.

வேட்டி பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சி இன்னொரு ஓட்டை போட்டேன்.

மகுடேஸ்வரன் சம்சாரம் மதியச் சோற்றைப் போசியில் கொண்டுவந்து நான் இருக்கிற பின்வீட்டு ஜன்னல் கட்டையில் வைத்தாள். என் சம்சாரம் பாவாயி போன பிறகு சாப்பாடு முன்வீட்டிலிருந்துதான் வருகிறது. மகன் மகுடேஸ்வரன் ரிக் வண்டியோடு தான்சானியாவில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அது ஊருக்கே தெரியும். அதற்காகப் பட்டினி கிடக்க முடியுமா?

"ஏனுங்க மாமா, சட்டை தோள்லயே நிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?"

"சட்டை பழசு" என்றேன்.

ஜூன் 14, புதன்

கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தேன். ஈரல் கோளாறுக்கு இதை விட்டால் வேறு மருந்து இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

மகுடேஸ்வரன் தான்சானியாவிலிருந்து போன் போட்டான். சம்சாரம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான். தொல்லை தாங்காமல் ஸ்கேன் எடுக்கச் சம்மதித்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்கேன் சென்டர். வயிற்றில் பசையைத் தடவி உருட்டினார்கள். உருட்டிக்கொண்டிருந்த பெண் ஓர் இடத்தில் நிறுத்தி, மறுபடி அதே இடத்துக்கு வந்தாள். எனக்கு அந்தப் பழக்கம் தெரியும். மோட்டார் சத்தத்தில் சந்தேகம் வந்தால் நானும் அப்படித்தான் திரும்பக் காது வைப்பேன்.

ஈரலில் ஒரு கட்டி இருக்கிறதாம். ஈரோட்டுக்குப் போகச் சொன்னார்கள். கட்டி என்றால் பழுக்கும், உடையும், ஆறும். எனக்குத் தொடையில் இரண்டு தடவை வந்திருக்கிறது. இதற்கு எதற்கு ஈரோடு?

ஜூன் 26, திங்கள்

ஈரோடு. பெரிய ஆஸ்பத்திரி. ஊசியில் மருந்து ஏற்றிப் பெரிய வளையத்துக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். உடம்பெல்லாம் சுட்டது. எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மகுடேஸ்வரன் சம்சாரமும் சாப்பிடவில்லை. நான் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

டாக்டருக்கு வயது என் மில் சர்வீஸ் அளவுக்குக்கூட இருக்காது. மில்லிலும் இப்படித்தான். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டோடு வருகிற பையன்களுக்கு மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொடுத்தது நான். அவர்கள் ஃபோர்மேன் ஆனார்கள். நான் ரிட்டயர் ஆகிற நாள் வரை ஹெல்ப்பர். எங்கே கற்றாய் என்று யாரும் கேட்டதில்லை, எதில் கையெழுத்து இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"ஐயா, ஈரல்ல ஒரு கட்டி இருக்குதுங்க. இது அங்கயே உண்டானதா, வேற எடத்துல இருந்து வந்ததான்னு இதுல தெரியலை. பெரும்பாலும் வேற எடத்துல இருந்து வர்றதுதான். அதனால மூலம் எங்கன்னு கண்டுபிடிக்கணும்."

"எனக்கு மூலம் கிடையாது" என்றேன்.

"எங்கயாச்சும் இருக்கணுமுங்க ஐயா. ஆசனவாய் வழியா ஒரு குழாய் விட்டுப் பார்த்தாத் தெரிஞ்சிரும்."

"எழுபத்தொரு வயசாச்சு. இருந்தா எனக்குத் தெரியாதா? ரத்தம் போகலை, எரிச்சல் இல்லை. கட்டி ஈரல்ல இருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் குழாயை எங்க விடறீங்க?"

நான் எழுந்து வந்துவிட்டேன். மகுடேஸ்வரன் சம்சாரம் உள்ளேயே நின்றாள். வெளியே வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. மூலம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்தே அப்படித்தான் இருந்தாள். பஸ்ஸில் திருச்செங்கோடு வரும்வரை ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 28, புதன்

சந்தைப்பேட்டை வைத்தியரிடம் போய்க் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, மூலம் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் அன்றைக்கே சொன்னேன்.

ஜூன் 30, வெள்ளி

மகுடேஸ்வரன் சம்சாரம் மிக்சி ஓடவில்லை என்றாள். தெருவில் எத்தனையோ பேருக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். முன்வீட்டுக்குள் போய் எதையும் தொட்டதில்லை. கடையில் கொடுக்கச் சொன்னேன்.

ஜூலை 3, திங்கள்

அரிப்பு. உள்ளங்கையிலும் காலிலும். வேப்பிலைத் தண்ணீரில் குளித்தேன்.

ஜூலை 6, வியாழன்

மயிலாத்தா அக்கா மோரூரிலிருந்து வந்தாள். என்னைவிட ஐந்து வயது பெரியவள். வாசலிலேயே, "ஏஞ்சாமி, இப்படி ஒட்டிப் போயிட்டே?" என்று ஆரம்பித்தாள்.

ஈரோட்டு டாக்டரின் லட்சணத்தைச் சொன்னேன். "ஈரல்ல கட்டியாம். அதுக்கு மூலம்தான் காரணமாம், அதைக் கண்டுபிடிக்கணுமாம். என்னத்தப் படிச்சாங்களோ!"

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மூலமுன்னு டாக்டரே சொல்லிப்போட்டானா?"

"சொன்னான்."

"அவனுக்கு எப்படிரா தெரியும், உன்ற மருமகளுக்கு மூல நட்சத்திரம்னு?"

நான் பைல்ஸைச் சொல்கிறேன் என்று விளக்கினேன். அக்கா கேட்கவில்லை. அவளுக்கு ஒன்று பிடித்துவிட்டால் பிடித்ததுதான். "மூலத்துப் பொண்ணு மாமனாருக்கு ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னமில்ல. என்ற தம்பி ஈரல்லயே வந்து உக்காந்துக்கிச்சு பாரு" என்று முன்வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னாள்.

முன்வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது.

அந்த ஜாதகம் பார்த்த அன்று யார் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஜோசியரும் சொன்னார்.

ஜூலை 8, சனி

போசி வரவில்லை. அவளே வந்தாள். நான் பழைய சீலிங் ஃபேனுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். உட்காரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டனுங்க. மூலம்னா நீங்க நெனைக்கிற மூலம் இல்லீங்களாமா. அத்தை சொல்றதும் இல்லீங்களாமா. நோய் மொதல்ல எங்க உண்டாச்சோ அந்த எடத்துக்குப் பேரு மூலமாமுங்க. குடல்ல உண்டாகி ஈரலுக்கு வந்துச்சா, இரைப்பையில இருந்து வந்துச்சான்னு பார்க்கத்தான் குழாயாமா."

"அப்ப ஆரம்பம்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு மூலம்னு சொல்றான்?"

"அவருகிட்டக் கேளுங்க."

"நான் வரலை."

இதுவரை அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. இன்று உயர்த்தினாள்.

"வர்றீங்க. இது கேன்சரா இருக்கும்னு சொல்றாங்க. நீங்க செத்துப் போயிட்டீங்கன்னா, எழவு ஊட்டுல ஒக்காந்து அத்தனை பேரும் என்னையத்தானுங்க சொல்லுவாங்க. மூலம் முழுங்கிருச்சும்பாங்க. நான் சாகற மட்டும் கேக்கோணும். உங்களுக்காக வேண்டாம், எனக்காக வாங்க. எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியோணும்."

கேன்சர் என்ற சொல்லை அவள் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். கேட்டுக்கொண்டே கம்பியை இரண்டு சுற்று சுற்றிவிட்டேன். எண்ணிக்கை தப்பிவிட்டது. மொத்தத்தையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

மோட்டாரில் காயில் எரிந்திருக்கும். புதுக் காயில் கட்டினால் அதுவும் எரியும். பழுது ஸ்டார்ட்டரில் இருக்கும். இதைத்தான் டாக்டர் சொல்ல வந்திருக்கிறார். அவருடைய தமிழ் சரியில்லை.

ஜூலை 12, புதன்

நாளைக்குக் குழாய். குடல் சுத்தமாக ஒரு பொடியைத் தண்ணீரில் கலந்து, கால் குடம் அளவுக்குக் குடிக்கச் சொன்னார்கள். உப்பும் புளிப்புமாக, பேட்டரித் தண்ணீர் மாதிரி. பின்வீட்டுக் கக்கூஸ் முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. மூன்றாவது தடவை ஓடும்போது முற்றத்திலேயே கால் மடங்கியது.

முன்வீட்டுக் கக்கூஸ் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மகுடேஸ்வரன் சம்சாரம் தெருவுக்குப் போய் நின்றுகொண்டாள். நான் முடித்து வரும்வரை உள்ளே வரவில்லை. அந்தக் கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ஸ்க்ரூவை முடுக்கினேன்.

ஜூலை 13, வியாழன்

வாய் வழியாக ஒன்று, பின்வழியாக ஒன்று. மயக்க மருந்து கொடுத்ததால் தெரியவில்லை. இரைப்பை சுத்தம். குடல் சுத்தம். கணையம், நுரையீரல் எல்லாம் முதல் படத்திலேயே சுத்தமாம்.

எங்கேயும் எதுவும் இல்லை என்றால் நல்லதுதானே என்றேன். டாக்டர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். அப்படியென்றால் ஈரல் கட்டியிலிருந்தே கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

ஊருக்கு வந்ததும் இட்லி ஐந்து சாப்பிட்டேன். இரண்டு வெளியே வந்துவிட்டது.

ஜூலை 18, செவ்வாய்

ஊசி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலா இடுக்கில் விட்டார்கள். மூச்சை அடக்கச் சொன்னார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று.

நர்ஸ், "மக கூட வந்திருக்காங்களா தாத்தா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே கதவைத் திறந்து, "பெரியவரோட மக யாருங்க?" என்று கூப்பிட்டாள். மகுடேஸ்வரன் சம்சாரம் எழுந்து வந்தாள். என் கண்ணாடி, செருப்பு, பல்செட் எல்லாம் அவள் கையில் இருந்தன. நான் திருத்தவில்லை. பல் இல்லாமல் என்ன பேசுவது?

ஆறு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரரோடு யார் தங்குவது என்று அவருடைய இரண்டு மகன்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஜூலை 21, வெள்ளி

ரிசல்ட் வரவில்லை. சதையைப் பல சாயத்தில் முக்கிப் பார்க்கிறார்களாம். எந்தச் சாயம் பிடிக்கிறதோ அதை வைத்துக் கட்டி பிறந்த ஊரைச் சொல்வார்களாம். அரிப்பு அதிகம்.

ஜூலை 25, செவ்வாய்

முன்வீட்டில் அம்மியில் அரைக்கிற சத்தம். மிக்சியை இன்னும் கடையில் கொடுக்கவில்லை போல.

ஜூலை 28, வெள்ளி

சிலிண்டர் வந்தது. ஈரோடு போய் வந்தோம்.

ஜூலை 29, சனி

நேற்று விவரமாக எழுத முடியவில்லை. கை அரிப்பு. இன்று எழுதுகிறேன்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாய் திறப்பதற்குள் அவள்தான் கேட்டாள்.

"மூலம் எங்கீங்க டாக்டர்?"

"வெளிய எங்கயும் இல்லைம்மா. எல்லாம் தேடியாச்சு. ஈரலுக்குள்ள பித்தம் ஓடறதுக்குச் சின்னச் சின்னக் குழாய் இருக்கும், மரத்துல கிளை மாதிரி. அந்தக் குழாயோட சுவர்ல உண்டான புற்று இது. வேற எடத்துல இருந்து வந்திருக்கும்னுதான் நானும் நெனைச்சேன், ஏன்னா அதுதான் வழக்கமா நாங்க பார்க்கறது. இது அபூர்வம். எங்களுக்கே வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும்."

"அப்ப, வெளிய இருந்து வரலீங்களா?"

"வரலை. ஐயாவோட ஈரல்லயே உண்டாகி, அங்கயே வளர்ந்திருக்கு."

"யாராலயும் வந்ததில்லீங்களே?"

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "யாராலம்மா வரும்? சில பேருக்குப் பித்தப்பைக் கல்லு, சில பேருக்குப் பழைய ஈரல் நோய். இவருக்கு அதுவும் இல்லை. ஏன் வந்துச்சுன்னு சொல்ல முடியலை."

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள்.

ஆபரேஷன் செய்ய முடியாது. ஈரலுக்குள் நுழைகிற பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. படத்தில் காட்டினார். பைப்பைச் சுற்றி வேர் பிடித்த மாதிரி இருந்தது. வெட்டினால் பைப்போடு போய்விடும், அது எனக்கே தெரிந்தது. நரம்பில் மருந்து ஏற்றலாம். சரியாகாது, தள்ளிப் போடலாம். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சென்ற மாதமே ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்திருந்தாலும் ஆபரேஷன் செய்திருக்க முடியாது என்று, நான் கேட்காமலே சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேசையில் அவருடைய டேபிள் ஃபேன் தலையாட்டும்போது ஓரிடத்தில் தட்டியது. கியர் தேய்ந்திருக்கிறது. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே பெஞ்சில் அவள் துப்பட்டாவை முகத்தில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அழுகிறாளா என்று பார்த்தேன். தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பவர்களுக்கும் அப்படித்தான் குலுங்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் பயந்துபோய்விட்டாள்.

"மாமா, நான் தப்பா ஒண்ணும் நெனைக்கலீங்க."

"தெரியும். டீ குடிக்கிறியா?"

கேன்டீனில் இரண்டு டீ வாங்கினேன். அவள் சர்க்கரை போடாமல் குடிப்பாள் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நேற்றுத்தான் தெரிந்தது.

ஜூலை 31, திங்கள்

மகுடேஸ்வரனுக்குப் போனில் சொன்னேன். வண்டியை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்றான். அவசரமில்லை என்றேன். போனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தான். எடுத்துப் போன கம்பளி போதுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. மயிலாத்தா அக்கா பவானியில் முழுகிவிட்டு, தன் நாத்தனாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். பின்வீட்டில் மூன்று பேருக்கு இடமில்லை. முன்வீட்டுக்குள் போனோம். அந்தக் கூடத்தில் நான் கடைசியாக உட்கார்ந்தது பாவாயியின் காரியத்தன்று.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரிடம் சொன்னாள். "சொன்னாக் கேட்டாத்தானே! மூலம் வேலையைக் காட்டிருச்சு. வந்தவ நல்லாத்தான் இருக்கறா."

மகுடேஸ்வரன் சம்சாரம் காபித் தட்டோடு சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வந்து எல்லோருக்கும் டம்ளரைக் கொடுத்துவிட்டு, தட்டோடு மறுபடி அங்கேயே போய் நின்றாள்.

"அக்கா, இங்க பாரு" என்றேன். "மூலத்தைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"என்னடா சொல்றே?"

"வாய் வழியாத் தேடுனாங்க, பின்னால தேடுனாங்க, ஊசி போட்டுச் சதை எடுத்துத் தேடுனாங்க. மூலம் வெளிய எங்கயும் இல்லை. எனக்குள்ளயே, என்ற ஈரல்லயே உண்டானது. யாரும் கொண்டாந்து வெக்கலை."

"அப்ப சாதகம் பொய்யா?"

"எனக்கு மோட்டார் தெரியும். சாதகம் தெரியாது. இது படம் எடுத்துப் பார்த்தது."

அக்காவின் நாத்தனார், "அட, அப்படீங்களா?" என்றாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்டா, அன்னைக்குப் பொண்ணு வேண்டாம்னு பந்தலுக்கே வராம ஒக்காந்தது நானா, நீயா?"

"காபி ஆறுது, குடி."

"பதில் சொல்லுடா."

"குடிச்சிட்டு நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

அக்கா முறைத்தாள். நானும் பார்வையை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பிடிவாதத்துக்கு நாங்கள் இரண்டு பேரும்தான். கடைசியில், "மூலம் வெளிய இல்லையாம், உள்ளயே இருந்துச்சாம்" என்றாள்.

"யாரு உள்ள?"

"உன்ற உள்ள."

"யாரும் கொண்டாந்து வெக்கலைன்னும் சொல்லு."

"யாரும் கொண்டாந்து வெக்கலை. போதுமா? பாழாப் போனவனே" என்று சொல்லி மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எழவுக்கு வர்றவங்ககிட்டயும் இப்படியே சொல்லோணும். மாத்திச் சொன்னியோ, எந்திரிச்சு வந்துருவேன்."

அக்காவின் மகள் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டாள்.

என் அக்காவிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். அதனால்தான் அவளிடம் சொன்னேன்.

சுகுணா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. அவர்கள் கிளம்பிய பிறகு சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். அம்மியில் ஒன்றும் அரைக்காமல் சும்மா கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிக்சி எங்கே என்று கேட்டேன். பரணைக் காட்டினாள். இறக்கித் திறந்து பார்த்தேன். மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, சனி

இன்று முதல் தடவை மருந்து ஏற்றுகிறார்கள். முதல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எதிர்வீட்டு ரைஸ்மில்காரர் வண்டியை நிறுத்தினார்.

"கேள்விப்பட்டனுங்க. மூலம் உங்களுக்குள்ளயேதான் இருந்துச்சாமுங்களே?"

"ஆமாங்க" என்றேன்.

பஸ் வந்தது. சுகுணாவுக்கு ஜன்னலோரம் கொடுத்தேன். அவளுக்குப் பஸ்ஸில் தலை சுற்றுமாம்.